அஞ்சு கம்பெனில இருந்து ஹெச்-1பி போட்டா சான்ஸ் அஞ்சு மடங்கா?

சார், நேத்து ராத்திரி நீங்க அனுப்பின மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு அமெரிக்கால ஓபிடில (படிப்பு முடிச்சவங்க ஸ்டூடண்ட் விசாலயே வேலை பாக்க குடுக்கற அனுமதி) வேலை பாக்குது, அதுல சயின்ஸ், இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு கூடுதலா குடுக்கற ஸ்டெம் எக்ஸ்டென்ஷன் முடியற நேரம் நெருங்குது, போன தடவ ஹெச்-1பி வேலை விசா லாட்டரில பேர் வரல, இப்போ ஒரு கன்சல்டன்சிக்காரர் "எங்ககிட்ட அஞ்சு கம்பெனி இருக்கு, அஞ்சுலயும் போட்டு விட்டுடலாம், ஒண்ணுல இல்லன்னா இன்னொண்ணுல அடிச்சிடும், 3,000 டாலர் மட்டும் கட்டிடுங்க"ன்னு சொல்றார், கட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. கட்டாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

அவர் சொல்றது ஒரு காலத்துல உண்மையா இருந்துச்சு, அதான் இதுல சிக்கலே. 2020 மார்ச்ல, லாட்டரிக்கு கம்பெனி ஆள் பேர குடுக்கற ஆன்லைன் ரிஜிஸ்ட்ரேஷன் ஆரம்பிச்சப்போ ஒரு பேருக்கு பத்து டாலர்தான் ஃபீஸ், எத்தன கம்பெனி ஒரே ஆளுக்கு போடுதோ அத்தன சீட்டு பானைக்குள்ள விழும். விடுவாங்களா நம்மாளுங்க. 2023 மார்ச்ல தகுதியான ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் 7,58,994 வந்துச்சு, அதுல 4,08,891 ஏற்கனவே வேற கம்பெனியும் போட்டிருந்த ஆளுங்களோடது. வருஷ கோட்டாவுல இருக்கற இடமோ 65,000, அங்கேயே மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு மேல ஒரு 20,000, அவ்ளோதான். நேர்மையா ஒரே ஒரு கம்பெனி மூலமா போட்ட பசங்க அந்த வருஷம் சும்மா வேடிக்கை பாத்தாங்க.

அடுத்த வருஷமே யுஎஸ்சிஐஎஸ், அதாவது அமெரிக்க குடியேற்றத் துறை, கணக்க மாத்திட்டாங்க. 2024 மார்ச்ல இருந்து பாஸ்போர்ட் நம்பர வச்சு ஆளுக்கு ஒரு தடவதான் குலுக்கல். அஞ்சு கம்பெனி போட்டாலும் அம்பது கம்பெனி போட்டாலும் உங்க பொண்ணு ஒரே ஆள்தான். அந்த வருஷம் அந்த மாதிரி பல கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன் 47,314க்கு இறங்கிடுச்சு. 2025ல இருந்து ஃபீஸும் 215 டாலர். ஆக கன்சல்டன்சிக்காரர் விக்கறது 2023ஓட காலாவதியான சரக்கு.

இது மட்டும்னா கூட "சரி, லாபம் இல்லன்னாலும் நஷ்டம் இல்லையே, போட்டு வைப்போம்"னு நீங்க சொல்லலாம். ஆனா 2026 பிப்ரவரி 27ல ஒரு புது விதி அமலுக்கு வந்துச்சு, அதனால இப்போ நஷ்டமும் இருக்கு. இத மட்டும் நிதானமா படிங்க. இப்போ குலுக்கல் சம்பள லெவல வச்சு நடக்குது. அந்த வேலைக்கு அந்த ஏரியால என்ன சம்பளம்னு அமெரிக்க தொழிலாளர் துறை நாலு லெவலா பிரிச்சு வச்சிருக்காங்க. லெவல் 4 சம்பளம்னா உங்க பேர் நாலு தடவ பானைக்குள்ள போகும், லெவல் 3னா மூணு, 2னா ரெண்டு, லெவல் 1னா ஒண்ணே ஒண்ணு. சரி, ஒரே ஆளுக்கு ரெண்டு கம்பெனி வேற வேற லெவல்ல போட்டா எத எடுத்துப்பாங்க? இருக்கறதுலயே கம்மியான லெவல!

அதாவது உங்க பொண்ணு இப்போ வேலை பாக்கற கம்பெனி லெவல் 2ல போடுதுன்னு வைங்க, அவளுக்கு ரெண்டு சீட்டு. இந்த கன்சல்டன்சிக்காரர் பாட்டுக்கு பின்னாடி எவனோ ஒரு சின்ன கம்பெனி பேர்ல லெவல் 1ல ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் தட்டி விட்டா அவளுக்கு ஒரு சீட்டு. கூட்ட போய் பாதியா குறைச்சுட்டு வந்த கதை. இதுல கொடுமை என்னன்னா இவங்க என்ன லெவல் போட்டாங்கன்னு அவ கம்பெனிக்கு தெரியவே தெரியாது, கேக்கலன்னா அவளுக்கும் தெரியாது. சில பேரு "நாங்க லெவல் 4னே போட்டுடறோம்"னு தேன் தடவுவாங்க, ஆனா பேர் விழுந்தப்புறம் கம்பெனி போடற முழு விசா விண்ணப்பத்துல, அதான் பெட்டிஷன்ல, அந்த வேலைக்கு, அந்த ஊருக்கு, அந்த சம்பளம்னு பேப்பரோட காட்டணும். அங்க இடிச்சா கதை முடிஞ்சுது.

ஊரும் முக்கியம். சான் ஹோசே மாதிரி இடத்துல லெவல் 1க்கே பத்தாத சம்பளம் வேற மாநிலத்துல சின்ன ஊர்ல லெவல் 2, 3ன்னு வரலாம். அதனால ஆஃபர் லெட்டர்ல இருக்கற தொகைய மட்டும் பாத்து சந்தோஷப்படாதீங்க.

அப்போ ரெண்டு கம்பெனி போடவே கூடாதான்னா, தாராளமா போடலாம், சட்டப்படி தப்பே இல்ல. ஆனா ரெண்டும் நிஜ வேலையா இருக்கணும், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத கம்பெனியா இருக்கணும். ஒரே முதலாளியோட அண்ணன் கம்பெனி, மச்சான் கம்பெனின்னு சான்ஸ கூட்டறதுக்காக பேசி வச்சு போடறதுதான் குத்தம். அப்படி பேசி வைக்கலன்னு ஒவ்வொரு கம்பெனியும் ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணும்போதே சத்தியம் பண்ணி குடுக்குது, பொய்னு தெரிஞ்சா பெட்டிஷன் ரிஜெக்ட் ஆகும், கிடைச்ச விசாவ கூட ரத்து பண்ணலாம். "எங்ககிட்ட அஞ்சு கம்பெனி இருக்கு"ன்னு அவரே வாயால சொல்றார் பாருங்க, அது என்னன்னு நினைக்கறீங்க?

நிஜமா ரெண்டு ஆஃபர் இருக்கறவங்களுக்கு லாபம் வேற இடத்துல இருக்கு. பேர் விழுந்துச்சுன்னா போட்ட ரெண்டு கம்பெனிக்கும் தகவல் போகும், ரெண்டுமே பெட்டிஷன் போடலாம். ஏப்ரல்ல இருந்து குறைஞ்சது 90 நாள் டைம். அந்த நேரத்துல ஒரு கம்பெனி ஆள் குறைக்கறேன்னு கழண்டுகிட்டாலும் இன்னொண்ணு கைல இருக்கும். ரெண்டும் அவ படிப்புக்கு ஏத்த வேலை, ரெண்டும் ஒரே லெவல்னா நானே போட சொல்லுவேன்.

இங்க ஒரு சின்ன விஷயம், ஆனா ஆள கவுத்துடும். 2024ல என்கிட்ட ஒரு பையன் இருந்தான், ரெண்டும் நல்ல ஆஃபர். ரிஜிஸ்ட்ரேஷன் விண்டோ மூட ரெண்டு நாள் இருக்கு, சும்மா ஒரு செக்குக்கு "தம்பி, ரெண்டு ஹெச்ஆரும் போட்ட பாஸ்போர்ட் நம்பர எனக்கு படிச்சு காட்டு"ன்னு ஃபோன்ல கேட்டேன். முதல்ல ஒண்ண படிச்சான், அடுத்தத படிக்க ஆரம்பிச்சவன் மூணாவது எழுத்துலயே நின்னுட்டான். பிப்ரவரில பாஸ்போர்ட் ரின்யூ பண்ணிருக்கான், ஒரு ஹெச்ஆர் ஜாயின் பண்ணப்ப குடுத்த பழைய காப்பிய பாத்து போட்டுட்டாங்க. வேற வேற நம்பர்ல ஒரே ஆள் இருந்தா எல்லா ரிஜிஸ்ட்ரேஷனையும் செல்லாதுன்னு தள்ளிடலாம். நல்லவேளை விண்டோ மூடல, அவங்க டெலீட் பண்ணிட்டு புதுசா போட்டாங்க. அதுல இருந்து நான் பாஸ்போர்ட் முதல் பக்கத்த ஒரே ஒரு ஃபோட்டோ எடுத்து அதையே எல்லா ஹெச்ஆருக்கும் அனுப்ப சொல்றேன். உங்க பொண்ணு பாஸ்போர்ட் எப்போ முடியுதுன்னு இன்னிக்கே பாருங்க.

காசு விஷயம். ஹெச்-1பி போடற செலவு, வக்கீல் ஃபீஸ் எல்லாம் கம்பெனியோட தொழில் செலவு. ட்ரெய்னிங் ஃபீஸ்னு ஒண்ணு இருக்கு, 1,500 டாலர், சின்ன கம்பெனின்னா 750, அத வேலை பாக்கறவங்க தலைல கட்டவே கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. உங்ககிட்ட 3,000 கேக்கறப்பவே விளங்கிடுச்சு.

இன்னொண்ணு, ஒரே நேரத்துல ரெண்டு கம்பெனில வேலை பாக்கறது. விசா கிடைச்சு ஒரு தடவ கோட்டா கணக்குல வந்துட்டா, ரெண்டாவது கம்பெனி தனியா எல்சிஏ (சம்பளம், வேலை நிலைமை பத்தி தொழிலாளர் துறைகிட்ட வாங்கற சான்று) எடுத்து தனியா பெட்டிஷன் போட்டு அவள பார்ட் டைமா கூட வச்சுக்கலாம், அதுக்கு மறுபடி லாட்டரி கிடையாது. யுனிவர்சிட்டி மாதிரி கோட்டாக்குள்ள வராத இடங்க லாட்டரியே இல்லாம எந்த மாசமும் போடலாம், அங்க வேலை பாத்துகிட்டே வெளி கம்பெனியும் கூட சேந்து போட வழி இருக்கு. ஆனா யுனிவர்சிட்டி வேலை போனா வெளி கம்பெனி வேலையும் ஆடும், லாட்டரிக்கு திரும்ப நிக்கணும். உங்க பொண்ணு ரிசர்ச் பக்கம் ஆர்வம் இருக்குன்னு சொன்னீங்க இல்ல, இந்த வழிய அவ சீரியஸா பாக்கணும், அஞ்சு கம்பெனி கதைய விட இது நூறு மடங்கு நல்லது.

கடைசியா, பேர் விழுந்து பெட்டிஷன் போட்டப்புறம் முடிவு வர வரைக்கும் அவ அமெரிக்காவ விட்டு வெளிய வரக்கூடாது, எந்த கல்யாணமா இருந்தாலும் சரி. உள்ள இருந்தே எஃப்-1 ஸ்டூடண்ட் விசால இருந்து ஹெச்-1பிக்கு மாத்தறவங்களுக்கு, வெளிய இருந்து வர்ற புது ஹெச்-1பி ஆளுக்கு கம்பெனி கட்டணும்னு 2025 செப்டம்பர் ஜனாதிபதி உத்தரவுல சொன்ன 1,00,000 டாலர் கிடையாது. ஆனா நடுவுல வெளிய போயிட்டா அந்த மாத்தல் கேன்சல், உத்தரவு அமல்ல இருக்கற வரைக்கும் அந்த தொகை கம்பெனி தலைல விழும், எந்த கம்பெனியும் கட்டாது.

இப்போ அவள இப்போதைய கம்பெனி ஹெச்ஆர்கிட்ட மூணே மூணு கேக்க சொல்லுங்க. எந்த வேலை கோட்ல (அந்த வேலை வகைக்கு அமெரிக்க அரசாங்கம் வச்சிருக்கற நம்பர்) போடறீங்க, எந்த ஊர் அட்ரஸ், எந்த லெவல். மெயில்லயே கேக்கட்டும், பதில் எழுத்துல இருக்கும். அது வந்ததும் எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க சார், லெவல் 1னு வந்தா சம்பளத்த எப்படி பேசி ஏத்தறதுன்னு ஞாயித்துக்கிழமை அவளையும் கால்ல வச்சு உக்காந்து பேசலாம். கன்சல்டன்சிக்காரர் மறுபடி ஃபோன் பண்ணா பாஸ்போர்ட் காப்பி மட்டும் அனுப்பிடாதீங்க, ஏற்கனவே அனுப்பிட்டீங்கன்னா அதயும் மறைக்காம சொல்லிடுங்க.