டெண்டர் கேள்வி பதில்: தொழிற்பேட்டை நுழைவாயில் வேலைகள்

கேள்வி: தொழிற்பேட்டை வாயிலைப் பாதுகாப்பாக மாற்றும் அரசு டெண்டருக்கு முதன்முறையாக விலை போடுகிறோம். அளவுப் பட்டியலில் கான்கிரீட், தடுப்பு, பலகை, கோடு எல்லாம் இருக்கின்றன. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பட்டியலில் இல்லாததை. நீங்கள் வேலை செய்யும்போதும் ஆலைகள் ஓடும், லாரிகள் வரும். அதனால் வாயிலின் கான்கிரீட் தளத்தைப் பாதிப் பாதியாகத்தான் போட முடியும். 7 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், 25 செ.மீ. கனம் என்றால் 52.5 கனமீட்டர் கான்கிரீட். அளவைப் பார்த்து ஒரே நாள் வேலை என்று விலை போடுபவர்கள்தான் நட்டப்படுகிறார்கள். முதல் பாதி வண்டி தாங்கும் வலிமை பெற்ற பிறகே மறுபாதியைத் தொட முடியும். இயந்திரமும் ஆட்களும் இரண்டு தடவை வர வேண்டும். கொடி காட்டுபவர், தற்காலிகத் தடுப்பு, இரவு விளக்கு, நடப்பவர்களுக்குத் தனி வழி ஆகியவை கடைசி நாள் வரை வேண்டும். இவற்றுக்குப் பட்டியலில் தனி இனம், அதாவது விலை எழுதும் தனி வரி, இல்லையென்றால், பெரும்பாலான ஒப்பந்தங்களில் மற்ற விலைகளுக்குள் அடக்கம் என்றே கொள்வார்கள். இதில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள், அடிபடுவது உயிர்.

இடத்தை ஷிப்ட் மாறும் நேரத்தில் போய்ப் பாருங்கள். எத்தனை லாரி சாலையில் காத்து நிற்கிறது, சைக்கிளில் வருபவர்கள் எங்கே குறுக்கே போகிறார்கள் என்பது மதியம் மூன்று மணிக்குத் தெரியாது.

கேள்வி: வரைபடத்தில் கேட், சாலை விளிம்பிலிருந்து 10 மீட்டரில் இருக்கிறது. வருவதோ 16 மீட்டர் டிரெய்லர். நாங்களே திருத்தி விலை கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வரைபடத்தை மாற்றியோ நிபந்தனை சேர்த்தோ கொடுத்தால் தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். விளக்கம் கேட்கும் கடைசித் தேதிக்குள் எழுத்தில் கேளுங்கள். பதில் எல்லாப் போட்டியாளர்களுக்கும் போகும். அளவோடு கேளுங்கள்: மூடிய கேட்டின் முன் நின்றால் வண்டியின் 6 மீட்டர் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வருபவர் சுதாரிக்க 2.5 விநாடி என்றால் அதற்குள் 35 மீட்டர் போய்விடுவார், பிரேக் பிடித்து நிற்க இன்னும் 30 மீட்டர் அளவில் வேண்டும். அந்த 65 மீட்டருக்குள் பார்வையை மறைக்கும் சுவரோ பலகையோ இருந்தால் அதையும் எழுதுங்கள். திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தைவிட உள்ளே வெட்டி வரும். உள்மூலையில் நடைபாதை காட்டியிருந்தால், எந்த நீள வண்டிக்குத் திருப்பம் வரைந்தார்கள் என்றும் கேளுங்கள்.

கேள்வி: கூட்டுத்தொகை தவறிவிட்டால்?

பதில்: பொதுவாக அலகு விலையே, அதாவது ஒரு மீட்டருக்கு, ஒரு கனமீட்டருக்கு என்று எழுதிய விலையே நிற்கும், மொத்தத்தைத் திருத்துவார்கள். திருத்தத்தை ஏற்க மறுத்தால் டெண்டரோடு கட்டிய முன்வைப்புத் தொகை போகலாம். அதைவிட அடிக்கடி நடக்கும் பிழை அலகில்தான். தடுப்பு மீட்டர் கணக்கில் இருந்தால் தூணும் அதற்குள்ளேயா என்று பாருங்கள். 60 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் 31 தூண். இரு முனைகளுக்கும் முனைத்துண்டு தனி. விலை எழுதாமல் விட்ட இனத்தையும் செய்துதான் கொடுக்க வேண்டியிருக்கும்.