பதில்: மடிநோய் மருந்துக்குப் பிறகு தயிர் உறையவில்லை

மாட்டின் மடிநோய்க்கு காம்பில் மருந்து ட்யூப் ஏற்றியதிலிருந்து தயிர் உறையவில்லை என்கிறீர்கள். பாலில் தங்கிய ஆன்டிபயாட்டிக்தான் முதல் சந்தேகம். தயிரை உறைய வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியா, துளி பென்சிலினைக்கூடத் தாங்காது. காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது.

உறைமோரில் குறையா என்று பார்க்க, மருந்து போடாத மாட்டுப் பாலையும் உங்கள் பாலையும் தலா 100 மில்லி காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, ஒரே உறைமோரை அரை டீஸ்பூன் விடுங்கள். ஏழெட்டு மணி நேரத்தில் மருந்து போடாத மாட்டுப் பால் மட்டும் கட்டியானால் கோளாறு உங்கள் பாலில்தான்.

ஒரு காம்புக்கு மட்டும் மருந்து போட்டிருந்தாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். எத்தனை நாள் என்பது ட்யூப் அட்டையிலேயே இருக்கும். கடைசி ட்யூப் ஏற்றிய வேளையிலிருந்து எண்ணுங்கள். அந்த நாள் முடியும்வரை பால் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.