ஐசோபென்டெனைல் அடினோசின்: வாசகர் கேள்விகளுக்குச் சில பதில்கள்

‘மாற்றம் பெற்ற நியூக்ளியோசைடு’ என்கிறார்களே, யார் மாற்றியது?

செல்தான். ஆர்என்ஏவின் எழுத்துகளில் ஒன்றான அடினினோடு ரைபோஸ் சர்க்கரை சேர்ந்தால் அடினோசின் என்ற நியூக்ளியோசைடு. அதன் ஆறாம் இடத்து நைட்ரஜனில் ஐந்து கார்பன் கொண்ட வால் ஒன்றை மாட்டினால் ஐசோபென்டெனைல் அடினோசின், சுருக்கமாக ஐ6ஏ. ஆர்என்ஏவில் இப்படிப்பட்ட மாற்றங்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. ஆய்வகத்தில் ஐ6ஏ புற்றுநோய் செல்களைக் கொல்வதால்தான் இத்தனை கேள்விகள்.

நம் உடம்பிலேயே இருக்கும் பொருள் புற்றுநோய் செல்லை எப்படிக் கொல்லும்?

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். நம் செல்லில் ஐ6ஏ தனியாகத் திரிவதில்லை. புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் டிஆர்என்ஏக்கள் சிலவற்றில், 37ஆம் இடத்தில், மரபுச் செய்தியைப் படிக்கும் மூன்றெழுத்தான ஆன்டிகோடானை ஒட்டி, சங்கிலியின் ஒரு மணியாகக் கோத்திருக்கிறது. டிஆர்என்ஏ தயாரான பிறகு ‘ட்ரிட்1’ என்ற நொதி அந்த வாலை மாட்டுகிறது. கோடானும் (செய்தியில் உள்ள மூன்றெழுத்து) ஆன்டிகோடானும் சரியாகப் பொருந்த அது உதவுகிறது. அவ்வளவுதான் அங்கே அதன் வேலை.

அதையே தனிப்பொருளாகச் செல்லுக்குக் கொடுத்தால் கதை வேறு. அடினோசின் கைனேஸ் என்ற நொதி இதையும் அடினோசின் என்று எண்ணி ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. வினையே அங்கேதான் தொடங்குகிறது. பாஸ்பேட் ஏறிய ஐ6ஏ, கொலஸ்ட்ரால் தயாராகும் மெவலோனேட் பாதையில் உள்ள ஃபார்னெசில் டைபாஸ்பேட் சின்தேஸ் நொதியைத் தடுக்கிறது. செல்லைப் பெருகச் சொல்லும் ராஸ் போன்ற புரதங்கள் செல் சவ்வில் ஒட்டிக்கொள்ள, அந்த நொதியால் விளையும் ஃபார்னெசில் வால் வேண்டும். அது கிடைக்காவிட்டால், ‘பெருகு’ என்ற கட்டளை மேலே போகாது. பாஸ்பேட் ஏறிய வடிவம், செல்லில் ஆற்றல் குறையும்போது கூடும் ஏஎம்பி என்ற மூலக்கூறைப் போல இருப்பதால், ஆற்றல் குறைந்துவிட்டதாக அறிவிக்கும் ஏஎம்பிகே நொதியும் விழித்துக்கொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், டிஆர்என்ஏவில் ஏறும் அந்த ஐந்து கார்பன் வாலும் இதே மெவலோனேட் பாதையில் விளைந்த சரக்குதான்.

அடினோசின் கைனேஸைத் தடுத்துவிட்டால் ஐ6ஏவின் கொல்லும் சக்தி பெரும்பாலும் போய்விடுகிறது. அதனால் அந்த நொதி குறைவாக உள்ள புற்று செல் தப்பித்துக்கொள்ளும்.

ஆய்வகத் தட்டில் செல்கள் சாகின்றன, அப்புறம் ஏன் மருந்துக்கடைக்கு வரவில்லை?

தட்டில் கொல்வது சுலபம். அங்கே ரத்தமும் இல்லை, கல்லீரலும் இல்லை. இதன் உறவுக்காரரான, அடினோசினைப் போன்ற கார்டிசெபினையே பாருங்கள். 1950இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஆர்என்ஏ சங்கிலி நீளாமல் நிறுத்தும் திறமை அதற்கு உண்டு. ஆனால் அடினோசின் டிஅமினேஸ் நொதி அதைச் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்துவிடுகிறது. பாஸ்பேட்டை முன்கூட்டியே மாட்டி, அதற்கு மறைப்பும் போட்டு அனுப்பும் வடிவம் ஒன்று (என்யுசி-7738) மனிதர்களிடம் சோதனைக்கு வந்திருக்கிறது. கைனேஸையும் நம்ப வேண்டாம், டிஅமினேஸுக்கும் பயப்பட வேண்டாம் என்பதுதான் அதன் யோசனை. எனக்கு இந்த வழிதான் நம்பிக்கை தருகிறது.

இயற்கை நியூக்ளியோசைடிலிருந்து வந்த புற்றுநோய் மருந்து ஒன்றாவது உண்டா?

உண்டு, சைடாரபின். 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மான் குழு ஒரு கடற்பஞ்சில் வழக்கத்துக்கு மாறான சர்க்கரை கொண்ட நியூக்ளியோசைடுகளைக் கண்டது. அதை முன்மாதிரியாக வைத்துப் பிறந்த சைடாரபினுக்கு 1969இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதுதான் முதுகெலும்பு. அதற்கும் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் வேண்டும். அந்த நொதியை இழந்த செல்களிடம் மருந்து தோற்கிறது.

செடிகளிலும் ஐ6ஏ உண்டாமே, நிறையச் சாப்பிட்டால் போதுமா?

போதாது. செடியில் அது சைட்டோகைனின் வகை வளர்ச்சி ஹார்மோன், அளவோ மிகமிகக் குறைவு. கீமோ எடுப்பவர்கள் இந்தப் பெயரில் விற்கும் மாத்திரை எதையும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

சிறுநீரில் நியூக்ளியோசைடு பார்த்துப் புற்றுநோயைச் சொல்லலாமா?

டிஆர்என்ஏ உடையும்போது வெளிவரும் சூடோயூரிடின் போன்ற மாற்றம் பெற்ற நியூக்ளியோசைடுகளை உடல் மறுபடி பயன்படுத்துவதில்லை, சிறுநீரில் தள்ளிவிடுகிறது. பல புற்றுநோய்களில் அதன் அளவு கூடுவது உண்மை. ஆனால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் ரத்தத்தில் அது ஏறும். அதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது.