பள்ளக்கால் வயலுக்கு என்ன நெல் விதை வாங்கலாம்?

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு ஏக்கர் பள்ளக்கால். சம்பாவுக்கு புது ஆராய்ச்சி ரகம் ஒன்றைக் கடையில் சொல்கிறார்கள். விலை இரண்டு மடங்கு. வாங்கலாமா?"

நானும் விதைக்கடை நடத்துபவன்தான். விலையை நினைத்து முதலில் கவலைப்படாதீர்கள். நீண்டகால ரகத்துக்கு ஏக்கருக்கு 12 கிலோ விதை போதும். கிலோவுக்கு 40 ரூபாய் கூடினாலும் 480 ரூபாய்தான். ரகம் வயலுக்கு ஒத்துவராமல் போனால்தான் பெரிய நஷ்டம்.

உங்களுடையது பள்ளக்கால், அதாவது தண்ணீர் தேங்கும் தாழ்வான வயல். நவம்பர் மழையில் பயிர் மூழ்கும். ஆகஸ்டு கடைசிக்குள் நாற்று விட முடிந்தால் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தைப் போடுங்கள். வளர்ச்சிப் பருவத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டு வரும். வயது சுமார் 155 நாள். மோட்டா ரகம் என்பதால் வியாபாரி விலை குறைத்துக் கேட்பார், ஆனால் அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கும் இதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. சன்ன ரகமான ஆந்திரா பொன்னிக்கு வெளியில் நல்ல விலை உண்டு, சரி. ஆனால் அது குலைநோய்க்கு எளிதில் ஆளாகும், தண்ணீரில் மூழ்கினாலும் தாங்காது. மேட்டுக்கால் வைத்திருப்பவர் யோசிக்கலாம். தண்ணீர் தாமதமாகி நாற்று விடுவது செப்டம்பர் பிற்பாதிக்குத் தள்ளிப்போனால், 130 நாள் வயதுள்ள டி.கே.எம். 13 பக்கம் வந்துவிடுங்கள்.

தனியார் விதை நிறுவனம் உருவாக்கிய ஆராய்ச்சி ரகம் என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன். போன சம்பாவில் அதை யார் வயலில் போட்டார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெயர் சொன்னால் நேரில் போய் விசாரியுங்கள். சொல்ல முடியாவிட்டால் இந்த வருடம் கால் ஏக்கருக்கு மேல் போடாதீர்கள். நல்ல கடைக்காரர் ரகத்தின் பெயரைச் சொல்லும் முன்பே உங்கள் வயல் மேடா பள்ளமா என்று கேட்பார்.

அரசு சான்றளித்த சான்று விதை என்றால் மூட்டையில் நீல அட்டை இருக்கும். சான்று இல்லாமல், உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்று விற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. எதுவானாலும் முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. காலாவதித் தேதியையும் பாருங்கள். குவியல் எண் (லாட் நம்பர்) எழுதிய ரசீதை அவசியம் கேட்டு வாங்குங்கள். முளைப்பில் குறை என்றால் விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். அட்டையையும் ஒரு பிடி விதையையும் அறுவடை வரை எடுத்து வையுங்கள்.

அப்புறம், மூட்டை முழுவதையும் ஊறப்போடுவதற்கு ஒரு வாரம் முன்பே 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். 80-க்குக் கீழே முளைத்தால், உடனே கடைக்காரரிடம் போங்கள்.