துளிர் வந்தால் வேர் வந்ததா?

கேள்வி: தொங்கு தொட்டியில் டேபிள் ரோஸை ஒடித்து நட்டால் நாலே நாளில் அழுகிவிடுகிறது. என்ன தவறு? (வாசகி, திருச்சி)

பதில்: ஈரம்தான். டேபிள் ரோஸின் தண்டிலும் இலையிலும் ஏற்கெனவே நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஒடித்த இடம் காயுமுன் ஈரமண்ணில் செருகினால் அந்த வழியாகவே பூஞ்சை ஏறிவிடும். 3 அல்லது 4 அங்குல நுனித்தண்டைக் கிள்ளி, அடியில் 1 அங்குலத்துக்கு இலைகளை உருவிவிடுங்கள். மொட்டு இருந்தால், மனசு வராவிட்டாலும், கிள்ளிப் போடுங்கள். நிழலில் அரை நாள் கிடக்கட்டும். செம்மண், மணல், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சமமாகக் கலந்து, 8 அங்குலத் தொட்டியில் விளிம்பையொட்டி ஆறேழு தண்டுகளை நட்டால் வெளிப்பக்கம் சரிந்து தொங்கும். நட்டவுடன் ஒருமுறை தண்ணீர். அடுத்தது மேல்மண் காய்ந்த பிறகே. இரண்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும். அதன்பின் நல்ல வெயிலில் மாட்டுங்கள், நிழலில் பூ விரியாது.

கேள்வி: பால்கனிக் கம்பியில் படரவிட முல்லைக் குச்சி நட்டேன். பத்து நாளில் துளிர்த்து, பிறகு கருகிவிட்டது. (வாசகர், மதுரை)

பதில்: துளிரை நம்பி வெயிலுக்கு மாற்றியிருப்பீர்கள். முதல் துளிர் குச்சியில் சேர்ந்திருந்த சத்தில் வருவது; வேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சத்து தீர்ந்ததும் கருகும்.

பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையில், 3 கணு உள்ள 6 அங்குலக் குச்சியாக வெட்டுங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், வேர் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். அடியை நேராகவும் நுனியைச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நடமாட்டீர்கள். உச்சியில் இரண்டு இலை மட்டும் வைத்து, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். அடிக்கணு மண்ணுக்குள் போக வேண்டும். வேர் ஊக்கிப் பொடி இருந்தால் காகிதத்தில் கொஞ்சம் கொட்டி, குச்சியின் அடியை அதில் தொட்டெடுங்கள். டப்பாவுக்குள் குச்சியை விட்டால் மீதிப் பொடியும் ஈரமாகிக் கெடும். மேலே, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை மூடியில்லாமல் கவிழ்த்து நிழலில் வையுங்கள். 4 முதல் 6 வாரம் ஆகும். லேசாக இழுத்தால் குச்சி அசையாமல் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். தினமும் இழுத்துப் பார்த்தால் இளவேர் அறுந்துவிடும்!

கேள்வி: குச்சியில் தேன் தடவலாமா? (வாசகி, சேலம்)

பதில்: தேன் வேரைத் தூண்டாது. எறும்புதான் வரும்.