பிரா அணிந்தால் மார்புக்கு அடியில் சிவந்து அரிக்கிறது, என்ன செய்வது?

ரங்கூன் மழைக்காலத்தில் எனக்கும் இதே தொல்லைதான். முகத்தில் பூசும் தனக்கா என்ற பர்மிய மரப்பட்டையை அரைத்து அங்கேயும் பூசிப் பார்த்தேன். வேண்டாம், மடிப்புக்குள் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி இன்னும் உரசியது.

முதலில் அளவைப் பாருங்கள். தாங்குவது தோள்பட்டி என்று நினைக்கிறோம். பெரும்பாலான பாரத்தைத் தாங்குவது அடிப்பட்டைதான். கண்ணாடியில் முதுகைப் பாருங்கள். பட்டை மேலே ஏறியிருந்தால் அது தளர்வு. முன்பக்கம் மார்பு இறங்கி, தோலோடு தோல் ஒட்டி, அங்கே வியர்வை தேங்கும். புதுப் பிராவை மிகத் தளர்வான வெளிக்கொக்கியில் மாட்டும்போதே பட்டை இறுக்கமாக நிற்கவேண்டும், இரண்டு விரல் நுழைந்தால் போதும். துணி நாளடைவில் தளரும்போது உள்கொக்கிக்கு மாறலாம். கம்பி இருந்தால் அது விலா எலும்பில் உட்காரவேண்டும், சதையில் அல்ல.

இங்கே கடைகளில் 75, 80 என்று போட்டிருந்தால் குழம்பாதீர்கள்: 75 என்பது 34, 80 என்பது 36. 36பி பட்டை தளர்ந்தால் 34சி கேளுங்கள், கப் கொள்ளளவு ஒன்றுதான்.

அப்புறம், மழையில் அரைகுறையாகக் காய்ந்த பிராவைப் போடவே போடாதீர்கள். குளித்ததும் மடிப்பை ஒற்றித் துடைத்து, காற்றாடவிட்டுப் பிறகு அணியுங்கள். மெல்லிய பருத்தித் துணியை மடிப்பில் வைத்து, நனைந்ததும் மாற்றலாம்.

சிவப்பின் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்குக் க்ளோட்ரிமசோல் களிம்பு உதவும். வெடிப்பு, நாற்றம், நீர்க்கசிவு இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ நேரே டாக்டரிடம் போங்கள்.