கேள்வி-பதில்: காஷ்மீர் முதல் குமரி வரை, தனி ஆளாகச் சைக்கிளில்

கேள்வி: செப்டம்பர் கடைசியில் ஸ்ரீநகரில் கிளம்பி, கன்னியாகுமரி வரை தனியாகச் சைக்கிளில் வர இருக்கிறேன். வயது 41. தினமும் வேலைக்குச் சைக்கிளில் போய் வந்து பழக்கம் உண்டு. சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்தான் கையில் இருக்கிறது. கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) வைத்த ரோடு பைக் ஒன்றை 52,000-க்குத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். நண்பரோ முன்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள எம்டிபி (மலைச் சைக்கிள்) வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் பணத்துக்கு கியர் வைத்த, சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட் சைக்கிள்தான் (ரோடு பைக்குக்கும் எம்டிபிக்கும் இடைப்பட்டது) சரி. அதையும் 35,000-க்குள் முடித்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

நீங்கள் வரப்போவது பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை 44. சுமார் 3,700 கிலோமீட்டர். நாளுக்கு 80, 90 என்று ஓட்டினாலும் ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். டெல்லி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு போன்ற ஊர்களில் கியர் சைக்கிளுக்கு நல்ல மெக்கானிக் கிடைப்பார். சாகர், சிவனி, அதிலாபாத் மாதிரி ஊர்களில் பெரும்பாலும் சாதாரண சைக்கிளுக்கும் டூவீலருக்கும் பஞ்சர் ஒட்டுகிறவர்தான் துணை. அதனால் கடையில் எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும், ‘இது வழியில் உடைந்தால் அவரால் சரிசெய்ய முடியுமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார்பன் ஃபோர்க்கில் விரிசல் விட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சஸ்பென்ஷன் கனம் கூட்டும், மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை விழுங்கும். தார் ரோட்டில் அதனால் பெரிய பயன் இல்லை.

பின்சக்கரத்தை நன்றாகப் பாருங்கள். மூட்டை முடிச்சோடு போகிற வண்டியில் முதலில் அடிவாங்குவது அதுதான். ஸ்போக்ஸ் 32-க்குக் குறையக் கூடாது, 36 இருந்தால் இன்னும் நல்லது. ரோடு பைக்குகள் பலவற்றில் 20, 24 என்றுதான் இருக்கும். அது சுமைக்குச் செய்தது அல்ல. அடுத்து, பின் பல்சக்கரம் ஃப்ரீவீலா (ஹப், அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தில் திருகி மாட்டுவது), கேசட்டா (ஹப்பின் மேல் செருகுவது) என்று கேளுங்கள். விலை குறைந்த ஏழு கியர் வண்டிகளில் பெரும்பாலும் திருகி மாட்டும் ஃப்ரீவீல்தான். அதில் வலப்பக்க பேரிங் ஃபிரேமை விட்டு வெகு உள்ளே இருப்பதால், பாரம் ஏறும்போது ஆக்ஸில் (அச்சுக் கம்பி) வளையும், ஒடிந்தும் போகும். கேசட் ஹப்பில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடும். விலைப்பட்டியலில் யாரும் பெரிதாகப் போடாத விவரம் இது. என்னைக் கேட்டால் கியர் எண்ணிக்கையைவிட இதற்குத்தான் காசு கொடுப்பேன்.

டயர் அளவில் ஏமாறாதீர்கள். ‘26 இஞ்ச்’ என்று போட்ட எல்லா டயரும் ஒன்றல்ல. பக்கவாட்டில் பொடி எழுத்தில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும், டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் அது, மில்லிமீட்டரில். எம்டிபி 26 என்றால் 559, 26 x 1 3/8 என்றால் 590. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. ஹைப்ரிட்டின் 700சி டயரில் 622 என்று இருக்கும். கிராமத்துப் பெரிய சைக்கிளின் 28 x 1 1/2 டியூப் 635-க்கு உரியது என்றாலும், அகலமான 700சி டயருக்குள் அவசரத்துக்கு அதைப் போட்டு ஓட்டிவிடலாம். டயரின் அகலம் 35 அல்லது 38 மில்லிமீட்டர் இருக்கட்டும். வால்வு டூவீலரில் இருக்கிற மாதிரி தடித்த ஷ்ரேடர் வகையாக இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா என்றால் அடாப்டர் இரண்டு வாங்கிப் பையில் போடுங்கள்.

ஃபிரேமில் கேரியர் மாட்ட மரையுள்ள துளைகள் இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். சீட் கம்பியில் கவ்விப் பிடிக்கும் கேரியர் இந்தத் தூரத்துக்குத் தாங்காது. முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தின் பற்கள், பின்பக்கப் பெரியதன் பற்களைவிடக் கூடாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு முதல் சில நாட்களிலேயே ஸ்ரீநகர்-ஜம்மு மலைப்பாதையில் ராம்பன், படோட் பக்கம் ஏற்றம் வந்துவிடும். பிரேக் சாதாரண வி-பிரேக் (ரிம்மைக் கவ்வுவது) போதும். டிஸ்க் என்றால் கேபிளில் இயங்குவதாகப் பார்த்து, உதிரி பேட் இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதிப் பணத்தில் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள நல்ல டயர் இரண்டு வாங்குங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய பொடிக் கம்பிகள் கிடக்கும், தெற்கே வந்தால் கருவேல முள். பிறகு கேரியர், பைகள், மூன்று டியூப், உதிரி ஸ்போக்ஸ், செயின் கட்டர், பம்பு. எல்லாம் வாங்கியபின் மூட்டையோடு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓட்டிப் பார்த்து, மெக்கானிக்கிடம் பின்சக்கரத்தை மறுபடி முறுக்கேற்றிக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் சைக்கிள் நாலாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. வழியில் ஏதாவது உடைந்தால் யாரிடம் கேட்பது? (வாசகி, கோவை)

பதில்: ஆன்லைன் சைக்கிள் முக்கால் பாகம் பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். ஹேண்டில்பார், பெடல் எல்லாம் நீங்கள்தான் மாட்ட வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றும். தெரியாமல் பலங்கொண்டு திருகினால் கிராங்கின் (பெடல் மாட்டும் கையின்) மரை போய்விடும், பிறகு ‘பூட்டியவர் தவறு’ என்று நிறுவனம் கைவிரிக்கும். நெடும்பயணத்துக்கு நான் கடைக்காரர் பக்கம்தான். பூட்டியவர் பெயர் பில்லில் இருக்கும், ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போய் நிற்கலாம். ஆன்லைனில்தான் என்றால், பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில் பூட்டி ரசீது வாங்குங்கள். பில்லில் ஃபிரேம் எண் இருக்கட்டும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு இல்லையென்றால் 30 நாள். நாக்பூரில் ஃபிரேம் வெடித்தாலும் வழக்குக்கு நாக்பூர் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். உடைந்த இடத்தைப் படம் பிடித்து, உடைந்த பாகத்தைத் தூக்கிப் போடாமல் ஊருக்கு அனுப்பிவையுங்கள். அதுதான் சாட்சி.

கேள்வி: ‘பழைய ஸ்டாக்’ என்று சொல்லிச் சைக்கிளுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கூடாது. சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். கடைக்காரர் எப்போது வாங்கினார் என்பது கணக்கில்லை, உங்களுக்கு விற்கிற தேதிதான் கணக்கு.

கேள்வி: சைக்கிளை ரயிலில் ஜம்மு வரை அனுப்பினால் பத்திரமாகப் போய்ச் சேருமா? (வாசகர், மதுரை)

பதில்: அனுப்பலாம், ஆனால் ஒரு விவரம் தெரிந்து அனுப்புங்கள். மதிப்பை அறிவிக்காமல் புக் செய்தால், காணாமல் போனாலும் நொறுங்கினாலும் ரயில்வேயின் பொறுப்பு எடைக்கணக்கில்தான்: லக்கேஜ் (உங்கள் டிக்கெட்டோடு புக் செய்வது) என்றால் கிலோவுக்கு 100 ரூபாய், பார்சல் என்றால் 50. பதினைந்து கிலோ சைக்கிளுக்கு அதிகபட்சம் 1,500. நீங்கள் 35,000 கொடுத்து வாங்கியது அங்கே செல்லாது. பார்சல் ஆபீசில் மதிப்பை எழுதிக்கொடுத்து, அதற்கான சதவீதக் கட்டணத்தையும் கட்டி, ரசீதில் மதிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். இழப்பீடு கேட்டு ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வழியாகக் கத்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் மதுரை வழி வராது. அதிலேயே போவதென்றால் அது நிற்கும் ஊரிலிருந்து ஏறுங்கள், இடையில் வண்டி மாற்றி ஏற்றும்போதுதான் சைக்கிள் அதிகம் அடிபடும்.

கேள்வி: என் மகள் சைக்கிளில் தனியாகப் போகிறாள். தடுக்க மனமில்லை. அவளுக்கு நான் என்ன வாங்கிக் கொடுக்கட்டும்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நல்ல பின்விளக்கு இரண்டு, ஒன்றில் சார்ஜ் போனால் மற்றது எரிய. நம் சாலையில் இடப்பக்கமாக ஓட்டுவதால் வலப்பக்கக் கண்ணாடி ஒன்று. ஹெல்மெட் சைக்கிளுக்கென்று செய்தது வேண்டும், உள்ளே இஎன் 1078 என்று இருக்கிறதா பாருங்கள். டூவீலர் ஹெல்மெட் வெயிலில் தலையை வேகவைத்துவிடும், கழற்றி ஹேண்டிலில் மாட்டிவிடுவாள். டிசம்பர், ஜனவரியில் பஞ்சாப், அரியானா வழி போகாதபடி தேதியை மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பனிமூட்டத்தில் லாரிக்காரருக்கு எந்த விளக்கும் கண்ணில் படாது.

அவள் வங்கிக் கணக்கில் பிரதமர் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய்தான், ஆனால் விபத்தில் இறப்புக்கும் ஊனத்துக்கும் மட்டுமே பணம் வரும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வராது. அதனால் தனியாக மருத்துவக் காப்பீடும் வேண்டும். பாலிசியில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருந்தால், சைக்கிள் பயணம் அதில் சேருமா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வந்த பிறகு பிரீமியம் கட்டுங்கள்.